விதை நெல்லும் இரண்டாவது பாட்டரியும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் இரண்டை ஒன்றாக வைத்துப் பதில் எழுதலாம் என்று தோன்றுகிறது. ஒன்று பாம்பனிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு விசைப்படகின் சொந்தக்காரர். அந்தப் பக்கத்து வழக்கில் சொன்னால் சம்மாட்டி. மற்றொன்றைக் கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவி எழுதியிருக்கிறார். கடலுக்குப் போகிறவருக்கும் க்ஷேத்திர யாத்திரை போகிறவருக்கும் ஒரே சந்தேகம் எப்படி வந்தது என்றால், இருவருக்கும் ஒரே இடைஞ்சல் நேர்ந்திருக்கிறது. விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பப் போனார்கள். 'டக்' என்று ஒரு சத்தம்; அப்புறம் ஒன்றுமில்லை. மெக்கானிக்குகளின் பாஷையில், "செல்ப் எடுக்கவில்லை."

பாம்பன் அன்பரின் படகில் இராத்திரி முழுவதும் விளக்குகள் எரிந்தன. திசை காட்டும் ஜி.பி.எஸ். கருவி, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டரிதான் படியளந்தது. கோயமுத்தூர் அம்மாளின் வானில் ஒரு சிறு குளிர்பெட்டி இருக்கிறது. அது ஐஸ்கிரீமுக்காக அல்ல. மாமனாருக்கு வேண்டிய இன்ஸுலின் மருந்து கெடாமல் இருப்பதற்காக. ஹம்பியில் இரவு தங்கிய இடத்தில் பெட்டி தன் கடமையைச் செவ்வனே செய்து முடித்தது. காலையில் வண்டி கிளம்பவில்லை.

"இரண்டாவது பாட்டரி ஒன்று வைத்துக்கொள்ளப் போகிறோம். அதை எப்படி இணைப்பது?" என்பதுதான் இருவர் கேள்வியும். பாம்பன் அன்பருக்கு ஒரு மெக்கானிக், "இதில் என்ன பிரமாதம்? பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்றாராம். தீர்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் தீர்வது கஷ்டம் அல்ல, பாட்டரி. அதைத்தான் இன்று கொஞ்சம் சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

தரையில் வண்டி நின்றுபோனால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். பாக் ஜலசந்தியில் யாரைக் கூப்பிடுவது? எஞ்சின் கிளம்பாத படகு, நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். மணிக்கு 1 கடல் மைல் வேகமுள்ள சாதாரண நீரோட்டம் கூட, 6 மணி நேரத்தில் படகைச் சுமார் 11 கிலோமீட்டர் கொண்டுபோய் விடும். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்து வரைந்த எல்லைக்கோடு அலைகளின்மேல் தெரிவதில்லை. எஞ்சின் பழுதாகி மிதந்து அந்தக் கோட்டைத் தாண்டிய படகுகளைப் பற்றி எத்தனையோ முறை பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அவற்றில் எத்தனை எஞ்சின்கள் உண்மையில் பழுது, எத்தனை பாட்டரிகள் வெறும் பட்டினி என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இனி, மோட்டார் எஞ்சினைக் கிளப்புகிற காரியத்தைக் கவனிப்போம். ஒரு காலத்தில் முன்புறம் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். அது கையை முறித்தாலும் முறிக்கும். 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தது முதல், அந்த வேலை பாட்டரியின் தலையில் விழுந்தது. டீசல் எஞ்சின் ஒன்றைச் சுழற்றுவதற்கு ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயங்கரமான எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் எத்தனை நேரம்? 3 வினாடி. 300-ஐ 3-ஆல் பெருக்கி, ஒரு மணிக்குரிய 3,600 வினாடியால் வகுத்துப் பாருங்கள்: கால் ஆம்பியர்-மணி. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், 15 ஆம்பியர் வீதம் திரும்ப ஊட்டினால் ஒரே நிமிஷத்தில் அந்தக் கடன் அடைந்துவிடும்!

விளக்குகளின் கதை வேறு. படகில் உள்ள சகல சாமான்களும் சேர்ந்து வெறும் 6 ஆம்பியர்தான் கேட்கின்றன. பார்த்தால் சாது. ஆனால் இராத்திரி 8 மணி நேரம் விடாமல் கேட்கின்றன: 48 ஆம்பியர்-மணி. அதாவது ஓர் இரவு விளக்கு எரித்த மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினை ஏறக்குறைய இருநூறு தடவை கிளப்பியிருக்கலாம். ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் குடம் தண்ணீரைக் கேட்கிறவன். விளக்கு இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தொட்டியைக் காலி செய்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் பரிமாறினால் முதலில் பட்டினி கிடப்பவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் பாதிக்குக் கீழே போனபின், விளக்கு இன்னும் மங்கலாகவாவது எரியும்; எஞ்சினோ அசையாது.

பாட்டரிகளைச் செய்கிறவர்களும் இந்தப் பேதத்தை அறிந்தவர்களே. ஈயத் தகட்டையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு, திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய பாட்டரியைப் பிரான்ஸில் காஸ்டன் பிளாந்தே 1859-ல் செய்தார். 1881-ல் காமில் ஃபோர் ஈயக் கலவையைப் பசைபோல் தகட்டில் அப்பும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஸ்டார்ட்டருக்கான பாட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகமாகையால் பெரிய மின்சாரத்தைச் சட்டென்று கொடுக்கும். ஆனால் அதை அடிவரை காலி செய்தால் தகட்டின் பசை உதிரும். ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிப் படியும். சில தடவைகளுக்குள் பாட்டரி படுத்துவிடும். நம் வீடுகளில் மின்தடைக்காக வைத்திருக்கும் இன்வர்ட்டர் பாட்டரியைப் பாருங்கள். உயரமாக இருக்கும், தகடுகள் தடித்தவை, மெல்லக் கொடுத்து மெல்ல வாங்கும். அதைத் தினந்தோறும் பாதி காலி செய்தாலும் வருஷக்கணக்கில் தாங்கும். இரண்டாவது பாட்டரி இந்த ஜாதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆடுகிற படகில் திறந்த திராவகம் சிந்துமாகையால், மூடிய வகையே உத்தமம். 48 ஆம்பியர்-மணி செலவழிக்கிறவர் 100 ஆம்பியர்-மணிக்குக் குறைந்ததை வாங்கக்கூடாது. பாதிக்குமேல் காலி செய்யாதிருப்பதே பாட்டரிக்கு ஆயுள் விருத்தி.

நம் கிராமத்துக் குடியானவர் வீட்டில் குதிர் ஒன்று, விதைக் கோட்டை ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். குதிரில் உள்ளது சாப்பாட்டுக்கு. விதைக் கோட்டையில் பஞ்சத்திலும் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் அடுத்த போகம் இல்லை. எஞ்சினைக் கிளப்பும் பாட்டரிதான் விதை நெல். அதில் ஸ்டார்ட்டரையும் எஞ்சினுக்கே உரிய கருவிகளையும் தவிர, ஒரு சின்ன விளக்கைக் கூடச் சேர்க்கக்கூடாது. மற்ற எல்லாம் இரண்டாவது பாட்டரியின் பொறுப்பு. படகில் நீர் இறைக்கும் பம்புக்கு மட்டும் ஒரு விசேஷச் சலுகை: இரண்டாவது பாட்டரியிலிருந்தே, ஆனால் பிரதான ஸ்விட்சைத் தாண்டி, தனிப் பியூஸோடு நேரே கம்பி போக வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன இரவிலும் படகில் தண்ணீர் ஏறுவது நிற்பதில்லையே!

இப்போது மேற்படி மெக்கானிக்கின் யோசனைக்கு வருவோம். இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டினால், அது இரண்டு பாட்டரி அல்ல. ஒரு பெரிய பாட்டரி. விளக்குகள் இரண்டையும் சேர்த்தே காலி செய்யும். முன்பு நடுராத்திரியில் வந்த சங்கடம் விடியற்காலையில் வரும், அவ்வளவுதான் லாபம். குதிருக்கும் விதைக் கோட்டைக்கும் நடுவே சுவரை இடித்த கதை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். லாரிகளிலும் பெரிய படகுகளிலும் பிறக்கும்போதே இரண்டு பாட்டரிகள் இருக்கும். "எங்களிடம்தான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே!" என்று சிலர் நினைக்கிறார்கள். அவை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, 12-ம் 12-ம் 24 வோல்ட் ஆவதற்காக வைத்தவை. கணக்குக்கு அவை ஒரே பாட்டரி. அதைவிட மோசமான பழக்கம், ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுப்பது. ஒரு மாடு இளைக்கும், மற்றதற்கு அஜீரணம். கடைசியில் இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கித் தரும் சிறு மாற்றுக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குவதே முறை.

சேர்த்துக் கட்டக்கூடாது, தனித்தனியாகவும் விட்டுவிட முடியாது. எஞ்சினில் மின்சாரம் உற்பத்தி செய்யும் யந்திரம் ஒன்றுதான் உண்டு. (அதற்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் நம் பட்டறைகளில் டைனமோ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) அந்த டைனமோ இரண்டுக்கும் ஊட்ட வேண்டும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று திருடக்கூடாது. எஞ்சின் ஓடும்போது திறந்து, நின்றதும் மூடுகிற கதவு ஒன்று வேண்டும் என்று அர்த்தம்.

இந்தக் கதவில் பழமையானது கையால் திருப்பும் ஸ்விட்ச். 1, 2, இரண்டும், அணை என்று நாலு நிலைகள் உண்டு. விலை மலிவு, கெடுவதும் அபூர்வம். ஆனால் இராத்திரி வலை இழுத்துக் களைத்தவர், எஞ்சினை நிறுத்தியதும் ஞாபகமாக அதைத் திருப்ப வேண்டும். மனித ஞாபகத்தின்மேல் இவ்வளவு பாரத்தைச் சுமத்துவது எனக்குச் சம்மதமில்லை. மேலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் யாராவது அகஸ்மாத்தாக 'அணை' என்ற பக்கம் திருப்பினால், போகுமிடம் தெரியாத மின்சாரம் வோல்ட் எகிறி, டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகளைப் பொசுக்கிவிடும்.

அடுத்தது டயோடு வைத்த பிரிப்பான். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிலிக்கான் வால்வு என்று சொல்லலாம். யாருடைய ஞாபகமும் தேவையில்லை. ஆனால் இது சுங்கம் வசூலிக்கிற கதவு. கடந்து போகும் மின்சாரத்திடம் 0.7 வோல்ட் போல வாங்கிக்கொள்ளும். டைனமோ 14.2 வோல்ட் கொடுத்தால் பாட்டரிக்கு 13.5 தான் போய்ச் சேரும். 0.7 என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். ஈய பாட்டரி வயிறார நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; 13.5-ல் நாளெல்லாம் ஓடினாலும் அரை வயிறுதான். டைனமோ பாட்டரியின் பக்கத்திலேயே வோல்ட்டைப் பார்த்துக் கொடுக்கும்படி தனிக் கம்பி ஒன்று போட்டால் இந்தக் குறை தீரும். எல்லா டைனமோவிலும் அதற்கு இடம் இருப்பதில்லை.

பாம்பன் அன்பருக்கு நான் சிபாரிசு செய்வது மூன்றாவது வகை: வோல்ட்டை உணர்ந்து தானே இயங்கும் ரிலே. எஞ்சின் நிற்கும்போது நிரம்பிய பாட்டரி 12.7 வோல்ட் காட்டும். டைனமோ ஊட்டத் தொடங்கியதும் அது 13-ஐத் தாண்டும். ரிலே முதல் பாட்டரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக 13.3 வோல்ட்டைத் தொட்டால், 'விதை நெல்லுக்குக் குறைவில்லை' என்று தெரிந்து, இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்று வோல்ட் 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். நடுவில் சுங்கம் இல்லை. முதல் பாட்டரிக்கே முதல் பந்தி என்பது இதன் தனி அழகு. டைனமோ 60 ஆம்பியர் கொடுக்கக் கூடியதானால், ரிலே 100 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும்.

செலவைக் குறைக்க எண்ணி, சாதாரண ரிலே ஒன்றைச் சாவி ஸ்விட்சோடு இணைப்பவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதுமே கதவு திறந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் கேட்கும் 300 ஆம்பியரில் ஒரு பங்கு இரண்டாவது பாட்டரியிலிருந்து அந்த மெல்லிய கம்பி வழியே பாயும். ஒன்று ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், அல்லது பியூஸ் போகும். எஞ்சின் ஓடிய பிறகே உயிர் பெறும் கம்பியிலிருந்து, அதாவது டைனமோவின் சார்ஜ் விளக்குக்குப் போகும் முனையிலிருந்து இயக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கோயமுத்தூர் அம்மாளுக்கு இந்த யோசனை உதவாது. அவருடையது புதிய வான். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் அமலுக்கு வந்தபின் வந்துள்ள வண்டிகள் பலவற்றில் டைனமோ மகா கெட்டிக்காரத்தனம் செய்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, பாட்டரி ஓரளவு நிரம்பியதும் வோல்ட்டைத் தாழ்த்திவிடுகிறது. ரிலே பார்க்கும், 'எஞ்சின் நின்றுவிட்டது போலும்' என்று கதவை மூடிவிடும். நாளெல்லாம் ஓடியும் குளிர்பெட்டியின் பாட்டரி பட்டினி. இத்தகைய வண்டிக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற கருவி வேண்டும். வருகிற வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும், இரண்டாவது பாட்டரிக்கு எது தேவையோ அதை அளந்து கொடுக்கும். விலை ரிலேயைப் போலப் பல மடங்கு. ஆனால் மருந்து விஷயத்தில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை. பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் எடுத்து, பாதி நேரம் ஓய்ந்திருக்குமானால், 10 மணி இரவுக்கு 20 ஆம்பியர்-மணி ஆகும். 50 ஆம்பியர்-மணி பாட்டரி தாராளமாகப் போதும்.

இலேசாக இருக்கிறதே என்று லித்தியம் பாட்டரி வாங்க நினைப்பவருக்கும் இதே கருவிதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு உள்தடை மிகவும் குறைவு. கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். நேரே இணைத்தால் டைனமோ தன் முழுச் சக்தியையும் மணிக்கணக்கில் கொட்டிச் சுருள் கருகிவிடும். சார்ஜர் நடுவிலிருந்து கடிவாளம் போடுகிறது. லடாக் வரை போகிற உத்தேசம் இருந்தால் இன்னொன்று: பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றக்கூடாது.

லித்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பாட்டரி வித்தையை ஆராய்வதற்கென்றே நம் தமிழ்நாட்டில் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ந் தேதி ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் அது திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் கூட நிறையாத சமயத்தில், பாட்டரியும் ஒரு தேச காரியம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம் கைக்கு வரும் லித்தியம் செல்களில் பெரும்பகுதி வெளிநாட்டில் செய்தவை என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. இது நிற்க.

கதவைவிட வழி முக்கியம். அதாவது கம்பி. ஓம் விதியை வகுப்பில் ஒப்பிக்காத பையன் இல்லை. வீட்டுக்குப் போய் அதை ஒரு கம்பியில் பார்த்த பையனைத்தான் காண்பது அரிது. டைனமோ பக்கத்திலிருந்து இரண்டாவது பாட்டரிக்குப் போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் செம்புக் கம்பி என்று கொள்ளுங்கள். 40 ஆம்பியர் அதில் போக வேண்டும். வீட்டில் பம்புசெட்டுக்குப் போட்டு மிச்சமான 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால், வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.7 வோல்ட். 25 சதுர மில்லிமீட்டரானால் 0.28 வோல்ட்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதில் 1.7 போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது போனால் பாட்டரிக்கு மிஞ்சுவது வெறும் தீர்த்தம். உண்மையில் அந்த 40 ஆம்பியர் போகவே போகாது. கம்பி சூடாவதும் பாட்டரி நிரம்பாததுமே கண்ட பலன். ரிலே 'டக் டக்' என்று ஓயாமல் அடித்துக்கொண்டால், கருவி பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பி மெலிவு அல்லது முனை தளர்வு என்று முதலில் சந்தேகியுங்கள்.

கடலில் உபயோகிக்கும் கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக, பல இழைகள் முறுக்கினதாக இருக்க வேண்டும். வெறும் செம்பு உப்புக் காற்றில் பச்சை பிடித்து, உறைக்குள்ளேயே உளுத்துப்போகும். முனைகளுக்குச் சரியான அளவு லக் வைத்து, அதற்குரிய கருவியால் அழுத்துவதே முறை. பற்றுவைத்து மட்டும் விட்டால், எஞ்சின் அதிர்ச்சியில் பற்று முடியும் இடத்தில் இழைகள் ஒடியும். வானில் மைனஸ் கம்பியை வண்டியின் உடம்பிலேயே முடிக்கலாம்; ஆனால் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட வேண்டும். படகில் அப்படி உடம்பை நம்பக்கூடாது. மரமும் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தா. இரும்புப் படகிலோ உடம்பு வழியே மின்சாரம் திரும்பினால் கடல் நீர் சும்மா இருக்காது, உலோகத்தைத் தின்னத் தொடங்கும். ஆகையால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். 12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது மெய். அதனாலேயே அதை அலட்சியம் செய்கிறோம். நல்ல பாட்டரி ஒன்றின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஸ்பானர் ஒன்று விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், ஸ்பானர் செந்தணலாகும். அதே இடத்தில் உங்கள் விரல் மோதிரமோ கைக்கடிகாரச் சங்கிலியோ இருந்தால் என்ன ஆகும் என்று வர்ணிக்க எனக்கு மனமில்லை. வேலை தொடங்குமுன் அவற்றைக் கழற்றி வையுங்கள். கம்பி கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

கம்பியின் உறை எங்காவது உராய்ந்து இரும்பில் பட்டால் இதே கதை கம்பி முழுவதும் நடக்கும். அதற்குத்தான் பியூஸ். பியூஸ் கருவியைக் காப்பதற்கு என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அல்ல; அது கம்பியைக் காப்பதற்கு. ஆகவே பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு பாட்டரிகளை இணைக்கும் கம்பிக்கு ஒரு பியூஸ் போதாது. இந்த இடத்தில்தான் தேர்ந்த மெக்கானிக்குகளும் வழுக்குகிறார்கள். சாதாரணக் கம்பிக்கு ஒரு முனையில்தான் மின்சாரம் உண்டு. இந்தக் கம்பிக்கு இரண்டு முனையிலும் உண்டு. நடுவில் எங்கு பழுதானாலும் இரு பக்கமிருந்தும் பாயும். ஒரு பக்கத்துப் பியூஸ் போய்விட்டால், மறுபக்கத்துப் பாட்டரி தன் போக்கில் கம்பியை எரித்துக்கொண்டே இருக்கும். இரண்டு முனைகளிலும் பியூஸ், 25 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 100 ஆம்பியர் வீதம் போடுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பி ஒன்றுக்குத்தான் வழக்கமாகப் பியூஸ் வைப்பதில்லை. ஆகவே அதைக் குட்டையாகவும், எதிலும் உராயாமலும் கொண்டுபோக வேண்டும்.

பாட்டரியை எங்கே வைப்பது? மின்சாரம் ஏறும்போது ஈய பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது 4 சதவிகிதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். இலேசான வாயுவாகையால் மேலே போகும். பெட்டிக்கு மேற்புறத்தில் காற்றோட்டம் வேண்டும். படகின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே வையுங்கள். உப்புத் தண்ணீர் பாட்டரியை மூடினால் குளோரின் என்ற நச்சு வாயு உண்டாகும். எஞ்சின் அறைக்குள் குனிந்திருப்பவருக்கு அது யமன். பெட்டியைப் பட்டைபோட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கரையிலேயே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, விளக்கு, வயர்லெஸ் எல்லாவற்றையும் ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் மல்டிமீட்டரால் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டாவது பாட்டரி 12.2-க்கு இறங்கியிருக்கலாம், அது பாதி செலவானதற்கு அடையாளம். முதலாவது 12.6-க்குக் குறையாமல் நிற்க வேண்டும். அதுவும் கூடவே இறங்கியிருந்தால் எங்கோ சுவரில் ஓட்டை இருக்கிறது. ஏதோ ஒரு விளக்கு தவறான வீட்டில் சாப்பிடுகிறது. பிறகு எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிஷம் கழித்து, இரண்டாவது பாட்டரியின் முனையிலேயே அளவெடுங்கள். முதலாவதற்கும் அதற்கும் வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் கம்பி வேலை சுத்தம். ஒன்று மட்டும்: ஈய பாட்டரி முக்கால் பங்கு வேகமாக நிரம்பும், கடைசிக் கால் பங்குக்குப் பல மணி நேரம் எடுக்கும். படகு கரையில் நிற்கும் நாட்களில் கரை மின்சாரத்தால் முழுக்க நிரப்பிவிடுவது அதன் ஆயுளுக்கு நல்லது.

பழைய பாட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லைப்புறத்தில் உருக்கப்படும் ஈயப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைத் தாக்குகிறது. 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்களே பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவர்கள். வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடலாம்.

பாம்பன் அன்பர் கடிதத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "வயர்லெஸ்ஸை எந்தப் பாட்டரியில் வைக்க?" இரண்டாவதில்தான். ஆனால் ஆபத்துச் சமயத்தில் இரண்டாவது முழுக்கத் தீர்ந்திருந்தால் பேசுவதெப்படி என்று அவர் கேட்காமல் கேட்கிறார். வயர்லெஸ்ஸுக்கு மட்டும் இரண்டு வழி ஸ்விட்ச் ஒன்று வைத்து, தேவைப்பட்டால் முதல் பாட்டரிக்கு மாற்றிக்கொள்ளலாம். பேசும்போது 5, 6 ஆம்பியர், கேட்கும்போது அரை ஆம்பியர். நாலைந்து தடவை பேசினால் விதை நெல் தீர்ந்துவிடாது. அவ்வாறே முதல் பாட்டரி செத்துப்போனால் இரண்டாவதைக் கொண்டு எஞ்சினைக் கிளப்ப, கைப்பிடி ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். அதற்கு ரிலேயின் கம்பி போதாது, பியூஸ் போய்விடும். ஸ்டார்ட்டருக்கு உள்ளதைப் போன்ற தடித்த கம்பியைத் தனியாகப் போட வேண்டும். இரண்டு ஸ்விட்சுகளுக்கும் சிவப்புச் சாயம் அடித்து, இருட்டில் தடவினாலும் தெரியும்படி ஒன்றை ஒன்று விலக்கி வையுங்கள். எது எதற்கு என்று படகில் ஏறும் எல்லோருக்கும், சமையல் செய்யும் பையன் உட்பட, ஒரு தடவை தொட்டுக் காட்டிவிடுங்கள்.